மல்லாட்டை வந்த வழி

அமெரிக்கப் பள்ளிகளில் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிய மரபு மாதம் கொண்டாடப்படுகிறது. 1968இல் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் ஒரு வார விழாவாகத் தொடங்கிய இது, 1988இல் ரீகன் காலத்தில் ஒரு மாத விழாவாக விரிந்தது. மாதத்தின் நடுவில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிகா ஆகிய ஐந்து நாடுகளுக்கும் செப்டம்பர் 15 விடுதலை நாள். மெக்சிகோவுக்கு 16, சிலிக்கு 18. அங்கே வாழும் தமிழ்ப் பிள்ளைகளும் இந்த விழாவில் வண்ணப் பாவாடை கட்டி ஆடுகிறார்கள். அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்து மேடையேறுகிறார்கள். பக்கத்து வீட்டாரின் விழாவில் பங்கேற்கும் பண்பு அது. பாராட்டத்தக்கதே.

இதே விழாவைத் தமிழ்நாட்டில், அதுவும் காட்டாங்குளத்தூர் போன்ற ஓர் ஊரில் உள்ள பள்ளி கொண்டாட விரும்பினால் என்ன செய்யும்? இக்கேள்வி வெறும் கற்பனையன்று. 1985இல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்ட பின்னர், தாம்பரத்துக்குத் தெற்கே இரயில் பாதையை ஒட்டிக் கிடந்த இந்தச் சிற்றூர் கல்விக்கூடங்களின் ஊராக மாறிவிட்டது. உலக நாடுகளின் பண்பாட்டு நாள், அயல்மொழி நாள் என்று கல்விக்கூடங்கள் விழா எடுப்பது இன்று வழக்கமாகியிருக்கிறது. ஸ்பானிய மொழியின் முறை வரும்போது என்ன நிகழும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். காகிதத் தொப்பி, ஒட்டு மீசை, இணையத்தில் எடுத்த ஒரு பாட்டு. தொலைதூரத்து மக்களின் விந்தையான பண்பாடு ஒன்றை அரைமணி நேரம் வேடிக்கை பார்த்த நிறைவு.

அந்தப் பண்பாடு தொலைவில் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அது நம் வாயிலும், நாம் கடக்கும் பாலத்திலும், நம் அச்செழுத்திலும் இருக்கிறது. நம்மவர் சிலர் அதற்குள் போய்த் திரும்பாமலே மறைந்தும் இருக்கிறார்கள். இவற்றை அறியாமல் எடுக்கும் விழா அயலாரை அயலாராகவே நிறுத்திவிடும். நம்மையும் நமக்கு அயலாராக்கிவிடும்.

1. ஒரு சொல்

செங்கற்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர்ப் பகுதிகளில் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். மல்லாக்கொட்டை என்றும் சொல்வதுண்டு. சற்றுப் பழைய தலைமுறையினரிடம் கேட்டால் முழு வடிவத்தைச் சொல்லிவிடுவார்கள்: மணிலாக்கொட்டை. மணிலாவிலிருந்து வந்த கொட்டை. பேச்சில் தேய்ந்து தேய்ந்து, ஒரு மாநகரின் பெயர் நம் நாட்டுப்புறச் சொல்லுக்குள் அடையாளம் தெரியாமல் ஒடுங்கிவிட்டது.

மணிலா இன்று பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர். 1571இல் ஸ்பானியர் அதைத் தம் கீழ்த்திசைத் தலைநகராக்கினர். 1565 முதல் 1898 வரை அத்தீவுகள் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தன. அதிலும் 1821 வரை அவை நேரே மாட்ரிட்டிலிருந்து ஆளப்படவில்லை. நியூ ஸ்பெயின் என்னும் மெக்சிகோவின் ஒரு பகுதியாகவே ஆளப்பட்டன. ஆண்டுதோறும் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே பசிபிக் கடலைக் கடந்து பெருங்கப்பல்கள் சென்றுவந்தன. இருநூற்றைம்பது ஆண்டுகள், 1815 வரை, அந்தப் போக்குவரத்து நீடித்தது.

வேர்க்கடலையின் தாயகம் தென்னமெரிக்கா. பொலிவியாவும் வட அர்ஜென்டினாவும் சந்திக்கும் நிலப்பகுதி. போர்ச்சுக்கீசியரும் அதை ஆப்பிரிக்க வழியாக இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொணர்ந்திருக்கலாம் என்பர். ஆனால் வட தமிழ்நாட்டின் நாக்கு நினைவில் வைத்திருப்பது கிழக்கு வழியைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டின் செம்மண்ணில் விளைந்த மணிலாக்கொட்டை புதுச்சேரியில் கப்பலேறி, மார்சேய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போயிற்று. பின்னாளில் உழவர்கள் பயிரிட்ட டி.எம்.வி. இரகங்களின் பெயரில் உள்ள எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. காட்டாங்குளத்தூரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் தெற்கே போனால் வரும் ஊர் அது.

வேர்க்கடலை தனியாக வரவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர்களை நம் முன்னோர் இரண்டு விதமாக ஏற்றுக்கொண்டார்கள். சிலவற்றைப் பெயரோடு ஏற்றார்கள்: கொய்யா, பப்பாளி, அன்னாசி, சப்போட்டா. கரீபியத் தீவுகளிலும் மெக்சிகோவிலும் பிரேசிலிலும் வாழ்ந்த தொல்குடிகளின் சொற்கள் ஸ்பானிய, போர்ச்சுக்கீசிய நாவுகளின் வழியே நம்மிடம் வந்தவை இவை. அந்தக் குடிகளில் சில இன்று இல்லை. அவர்களின் சொற்கள் நம் தெருவோரப் பழவண்டியில் இருக்கின்றன. வேறு சிலவற்றுக்குச் சொந்தப் பெயர் சூட்டினார்கள். மிளகைப்போல் உறைப்பதால் மிளகாய். உருண்டு இருப்பதால் உருளைக்கிழங்கு. பரங்கியர் கொணர்ந்ததால் பரங்கிக்காய். இதில் ஒரு வியப்பு உண்டு. மிளகைத் தேடிப் புறப்பட்டு மிளகாயைக் கண்ட ஸ்பானியரும் தம் மொழியில் இதையே செய்தார்கள். மிளகுக்கு அவர்கள் சொல் பிமியெந்தா, மிளகாய்க்கு பிமியெந்தோ. ஒருவரையொருவர் கேட்காமல் இரு மொழிகள் ஒரே முறையில் சிந்தித்திருக்கின்றன.

2. ஒரு பாலம்

காட்டாங்குளத்தூரிலிருந்து சென்னை நோக்கி வடக்கே செல்பவர் தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை கடந்து சைதாப்பேட்டையில் அடையாற்றைத் தாண்டுகிறார். அங்கே இருக்கும் பாலத்துக்கு மறைமலை அடிகள் பாலம் என்று பெயர். 1966இல் கட்டப்பட்டது. அதற்கு முன் அவ்விடத்தில் மர்மலாங் பாலம் இருந்தது. மாம்பலம் என்ற பெயர் ஐரோப்பியர் வாயில் பட்டபாடுதான் மர்மலாங்.

அந்தப் பழைய பாலத்தை 1726இல் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். பாரசீகத்தின் ஜூல்ஃபாவைச் சேர்ந்தவர். மணிலா வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டி, 1720களில் சென்னையில் நிலைகொண்டார். பாலத்துக்கு அவர் செலவிட்டது 30,000 வராகன் என்பர். பரங்கிமலை உச்சிக்கு ஏறும் கற்படிகளும் அவர் அமைத்தவை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவருடைய உடைமைகள் பறிக்கப்பட்டன. 1751இல் இறந்து வேப்பேரியில் அடக்கமானார். அவர் விருப்பப்படி இதயம் மட்டும் ஜூல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது. பழைய பாலம் மறைந்த பிறகும் அதன் கல்வெட்டு பிழைத்திருக்கிறது.

மணிலாவில் ஓர் அர்மீனியருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். விடை ஸ்பானியச் சட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் மணிலாவில் வணிகம் செய்யக்கூடாது என்பது ஸ்பெயின் அரசின் ஆணை. ஆனால் ஆசிய வணிகர்களுக்குத் தடையில்லை. ஆகவே சென்னைக் கோட்டையின் ஆங்கிலேயர்கள் தம் முதலை அர்மீனியர், முகமதிய வணிகர் ஆகியோரின் பெயரிலும் கொடியிலும் அனுப்பினார்கள். மணிலாவின் ஸ்பானிய அதிகாரிகளும் இதை அறியாதவர்கள் அல்லர்; கண்டும் காணாதிருப்பதில் அவர்களுக்கும் பயன் இருந்தது. புதுச்சேரியும் இதில் பின்தங்கவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் மணிலாவுக்குப் போய்வந்த கப்பல்களின் செய்தி வருகிறது.

கப்பலில் போனது துணி. சோழமண்டலக் கரையின் வண்ணமிட்ட பருத்தித் துணிகளும் மெல்லிய வெண்துணிகளும் மணிலாவில் இறங்கி, மீண்டும் கப்பலேறி, மெக்சிகோ வரை சென்றன. அச்சிட்ட பருத்தித் துணிக்கு ஸ்பானிய மொழியில் நெடுங்காலம் இந்தியானா என்றே பெயர் வழங்கியது. திரும்பி வந்தது வெள்ளி. பொலிவியாவின் பொத்தோசி மலையிலும் மெக்சிகோவின் சகாத்தெகாஸிலும் வெட்டப்பட்ட வெள்ளி, எட்டு ரியால் நாணயமாக அக்காபுல்கோவில் கப்பலேறி மணிலா வழியாக இங்கே வந்தது. பொத்தோசியில் அந்த வெள்ளியை வெட்டியவர்கள் மீத்தா என்னும் கட்டாய உழைப்பு முறையின்கீழ் ஊர் ஊராகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்டிய மலைக் குடிகள். சுரங்கத்தில் மாண்டவர் பலர்.

இந்தத் தொடர்பை ஒரே பொருளில் காண விரும்புவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் சென்னை நாணயங்களைப் பார்க்கலாம். ஒரு முகத்தில் கோபுரம் பொறித்த வெள்ளி அரை வராகன்களைக் கம்பெனியின் நாணயச்சாலை வெளியிட்டது. அவற்றில் பல புதிதாக உருக்கி வார்த்தவை அல்ல. ஸ்பானிய எட்டு ரியால் நாணயங்களின் மேலேயே அச்சடித்தவை. சில காசுகளில், கோபுரத்துக்கு அடியில் பழைய அச்சின் கோடுகள் இன்னும் தெரிகின்றன. காஞ்சிபுரத்து நெசவாளியும் பொத்தோசிச் சுரங்கத் தொழிலாளியும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் உழைப்பு மற்றவர் உழைப்புக்கு விலையாக மாறியிருக்கிறது. இருவரிடமும் அந்தக் காசு தங்கவில்லை.

3. ஓர் ஆடை

மெக்சிகோவின் விழாக்களில் பெண்கள் அணியும் புகழ்பெற்ற உடை ஒன்று உண்டு. வெள்ளை மேலாடை, பூத்தையலும் மின்னும் சரிகைப் பொட்டுகளும் வைத்த சிவப்புப் பாவாடை, தோளில் சால்வை. ஹிஸ்பானிய மாதத்தில் பள்ளிப் பிள்ளைகள் அணிவதும் பெரும்பாலும் இதன் சாயலே. இதன் பெயர் சீனா பொப்லானா, அதாவது புவெப்லா நகரத்துச் சீனப் பெண்.

அந்தப் பெயரைச் சுமப்பவர் சீனப் பெண் அல்லர். மிர்ரா என்னும் இந்தியச் சிறுமி. வட இந்தியாவின் முகலாய நாட்டிலிருந்து கடற்கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, கொச்சியில் திருமுழுக்குப் பெற்று, மணிலாவின் அடிமைச் சந்தையில் விற்கப்பட்டவர். 1620களின் தொடக்கத்தில் அக்காபுல்கோ வழியாக மெக்சிகோவின் புவெப்லா நகருக்குக் கொண்டுபோகப்பட்டார். கத்தரினா தெ சான் யுவான் என்ற கிறித்தவப் பெயரோடு வேலைக்காரியாக வாழ்ந்து, பக்தியால் அந்நகரத்தாரின் மதிப்பைப் பெற்று, 1688 ஜனவரி 5இல் மறைந்தார். அவருடைய ஒப்புதல் குருவான அலோன்சோ ராமோஸ் மூன்று தொகுதிகளில் அவர் வரலாற்றை எழுதினார். 1689 முதல் 1692 வரை வெளிவந்த அந்நூல் பின்னர் மத விசாரணை மன்றத்தால் தடைசெய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய அந்த உடைக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதே ஆய்வாளர் முடிவு. பெயர் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

அவர் தனியொருவர் அல்லர். மணிலா வழியாக மெக்சிகோ சேர்ந்த ஆசிய அடிமைகள் அனைவருக்கும் அங்கே சீனர் என்றே பெயர். அவர்களில் வங்கத்தார் இருந்தார்கள், மலபாரார் இருந்தார்கள், சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பஞ்சக் காலங்களில் நம் கடற்கரைத் துறைமுகங்களில் மனிதர் மனிதரை விற்றனர். தம்மையே விற்றவரும் உண்டு. வாங்கிக் கப்பலேற்ற ஐரோப்பியர் காத்திருந்தனர். 1672இல் ஸ்பெயின் அரசு மெக்சிகோவின் ஆசிய அடிமைகளை விடுவித்தது. விடுதலை பெற்றவர்கள் அந்நாட்டின் தொல்குடிகளோடு கலந்து கரைந்துபோனார்கள். ஆகவே மெக்சிகோவின் மரபு என்று நாம் இன்று கைதட்டும் ஒன்றில், நாகப்பட்டினத்தின் ஏதோ ஒரு தெருவில் பிறந்தவரின் குருதியும் ஒரு துளி இருக்கலாம்.

4. ஒரு படையெடுப்பு

ஹிஸ்பானிய மாதத்துக்குள் வரும் ஒரு நாளைச் சென்னையார் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1762 அக்டோபர் 6. அன்று மணிலா வீழ்ந்தது. வீழ்த்திய படை சென்னையிலிருந்து சென்றது.

இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் அவ்வாண்டின் தொடக்கத்தில் போர் மூண்டது. வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்று, புதுச்சேரியும் 1761இல் விழுந்துவிட்டதால், சென்னையில் இருந்த படைகளுக்கு வேறு வேலை தேடவேண்டியிருந்தது. லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது அதைக் காத்தவர்களுள் ஒருவரான வில்லியம் டிரேப்பர் தலைமை ஏற்றார். அவருடைய 79ஆம் படைப்பிரிவோடு சுமார் 600 சிப்பாய்களும் கப்பலேறினர். செப்டம்பர் 23இல் கப்பற்படை மணிலா விரிகுடாவை அடைந்தது. இங்கிலாந்தோடு போர் மூண்ட செய்தியே அந்நகருக்கு முறையாக எட்டியிருக்கவில்லை. பேராயர் மனுவேல் ரோஹோதான் அப்போது ஆளுநர் பொறுப்பிலும் இருந்தார். இரண்டு வாரத்தில் கோட்டைச் சுவர் உடைந்தது. நகரம் சூறையாடப்பட்டது. நாற்பது இலட்சம் டாலர் மீட்புப்பணம் தருவதாக ஒப்புக்கொள்ள வைத்தனர். அது முழுமையாக ஒருபோதும் கிடைக்கவில்லை. நகரத்துக்கு வெளியே சிமோன் தெ அந்தா என்னும் அதிகாரி பணிய மறுத்து எதிர்ப்பைத் திரட்டினார். 1763இல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாகி, 1764இல் மணிலா திருப்பித் தரப்பட்டது. கம்பெனிப் படை கப்பலேறியது.

சிப்பாய்கள் எல்லோரும் திரும்பவில்லை. சிலர் படையை விட்டு விலகி, மணிலாவுக்குக் கிழக்கே உள்ள கயின்தா என்னும் ஊரில் தங்கிவிட்டனர். அங்கே மணம் முடித்தனர். கயின்தா இன்று பெருநகரின் விளிம்பில் இருக்கிறது. அரிசிப் பணியாரங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள சில குடும்பங்கள் தங்கள் மூதாதையர் இந்தியச் சிப்பாய்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். அந்தச் சிப்பாய்கள் எல்லோரும் தமிழர் என்று சொல்லிவிட முடியாது. கம்பெனியின் சென்னைப் படையில் தமிழரும் தெலுங்கரும் இசுலாமியரும் கலந்தே இருந்தனர். எவருடைய பெயரும் நம் நினைவில் இல்லை. டிரேப்பருக்கு வீரப்பட்டம் கிடைத்தது. சிப்பாய்களுக்குக் கிடைத்தது அயலூரில் ஒரு வீடு. சிலருக்கு அது போதுமானதாகவும் இருந்திருக்கிறது.

கயின்தா இருக்கும் மாநிலத்தின் பெயர் ரிசால். ஸ்பானிய மொழியில் நாவல் எழுதி, அந்த நாவலுக்காகவே ஸ்பானிய அரசின் பகையைத் தேடிக்கொண்டு, 1896 டிசம்பர் 30இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஹொசே ரிசாலின் பெயர் அது. ஆள்பவரின் மொழியிலேயே அவரை எதிர்த்து எழுதியவர். ஆங்கிலத்தில் எழுதிய நம் விடுதலை வீரர்களை அறிந்தவர்களுக்கு ரிசால் அந்நியர் ஆகமாட்டார்.

நாம் கொள்ளையடிக்கப்பட்டவர்கள் என்பதை நன்கு அறிவோம். நம் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்களில், நம் ஊர்க்காரர்கள் கையிலும் துப்பாக்கி இருக்க, இன்னொரு நகரம் கொள்ளையடிக்கப்பட்டது என்பதையும் அறியவேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

5. ஓர் எழுத்து, ஒரு கவிஞர்

இலக்கிய வாசகர்களுக்கு ஸ்பானியம் என்றதும் நினைவுக்கு வருவன போர்ஹெஸ், நெரூதா, மார்க்கேஸ் ஆகிய பெயர்களே. ஆங்கிலம் வழியாகச் சிற்றிதழ்களில் நுழைந்து, தமிழ்ப் புனைகதையின் போக்கையே அசைத்த பெயர்கள். மார்க்கேஸின் பெருநாவல் 2013இல் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்று தமிழில் வந்தது. இந்த உறவு மிக அண்மைக் காலத்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் தொடக்கம் மிகப் பழையது.

ஸ்பெயினின் நவாரா பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, கிறித்தவ வேண்டுதல்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணி மக்களிடையே சொன்னார். 1545இல் சில மாதங்கள் மயிலாப்பூரில் தங்கினார். அடுத்த தலைமுறையில் அச்சு வந்தது. 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவிலேயே அச்சான முதல் நூல் என்பது பலரும் அறிந்த செய்தி. அதைப் பெயர்த்தவர் போர்ச்சுக்கீசியரான அன்றீக்கு அடிகளார். அதற்கு முந்தைய ஆண்டு, 1577இல், கோவாவில் தமிழ் எழுத்துகளை முதலில் உலோகத்தில் வார்த்தவர் யுவான் கொன்சால்வஸ் என்னும் ஸ்பானியர். ஒரு துறவுச் சபையின் கைவினைஞர். நம் எழுத்தின் வளைவுகளை ஈயத்தில் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தவை ஒரு ஸ்பானியரின் விரல்கள்தாம். 1580இல், போர்ச்சுக்கல்லின் முடி ஸ்பெயின் அரசரிடம் சென்றது. 1640 வரை மயிலாப்பூரின் பரங்கியர் குடியேற்றமும் ஃபெலிப்பே மன்னர்களின் பெயரால் ஆளப்பட்டது.

நன்றியோடு நினைக்க வேண்டியவை இவை. நன்றியோடு மட்டும் நிறுத்திக்கொள்ள முடியாது என்பதற்கு நெரூதாவே சான்று. 1929இல் சிலி நாட்டுத் துணைத்தூதராகக் கொழும்புக்கு வந்த இளங்கவிஞர், வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தார். அங்கே நாள்தோறும் கழிவறை வாளியை எடுத்துச்செல்ல வந்த பெண், தமிழ்ப் பெண், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். அந்தப் பெண்ணைத் தாம் வலிந்து பற்றியதையும், அவர் கற்சிலை போல் எந்த இசைவும் இன்றிக் கிடந்ததையும் நெரூதாவே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்நூல் அவர் மறைந்த பிறகு 1974இல் வெளிவந்தது. நெடுங்காலம் உலகம் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் படித்துக்கொண்டு போயிற்று. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயரைச் சூட்டும் முயற்சி எழுந்தபோது, சிலி நாட்டுப் பெண்கள் அந்தப் பக்கத்தை எடுத்துக்காட்டி எதிர்த்தார்கள். நாடு கடந்து, மொழி கடந்து, பெயர் தெரியாத ஒரு தமிழ்ப் பெண்ணுக்காக அவர்கள் பேசினார்கள். நெரூதாவைக் கொண்டாடிய நம் இதழ்கள் அவருக்காக அந்த அளவுக்குப் பேசவில்லை.

இதனால் நெரூதாவின் கவிதைகளை எரித்துவிட வேண்டும் என்பதில்லை. பள்ளியில் சிறு பிள்ளைகளிடம் இதைச் சொல்லவேண்டும் என்பதுமில்லை. ஆனால் அந்தப் பெண்ணும் ஹிஸ்பானிய மரபுக்குள் இருக்கிறார். மிர்ராவும் இருக்கிறார். கயின்தாவில் தங்கிவிட்ட சிப்பாயும், பொத்தோசியின் சுரங்கத் தொழிலாளியும் இருக்கிறார்கள். மரபு மாதம் என்று ஒன்றை எடுத்தால் இவர்களுக்கும் அதில் இடம் வேண்டும். அமெரிக்காவில் அம்மாதத்தை வேண்டிப் பெற்றவர்களின் நோக்கமும் ஏறக்குறைய இதுவே. வரலாற்றில் தம் மக்கள் கண்ணில் படாமல் போனதற்கு மாற்றாகவே அவர்கள் அதைக் கேட்டார்கள்.

6. ஒரு பெயர்

மர்மலாங் பாலத்துக்குப் பதிலாக எழுந்த பாலம் மறைமலை அடிகளின் பெயரைத் தாங்குகிறது என்று சொன்னேன். காட்டாங்குளத்தூருக்கு அடுத்த இரயில் நிலையமும் அவர் பெயரையே தாங்குகிறது: மறைமலைநகர். நாகப்பட்டினத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்து, இதே சாலையில் உள்ள பல்லாவரத்தில் வாழ்ந்து மறைந்தவர் அடிகள். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்றும், ‘ஞானசாகரம்’ என்ற தம் இதழின் பெயரை ‘அறிவுக்கடல்’ என்றும் மாற்றியவர்.

மணிலாப் பணத்தில் எழுந்த பாலத்தின் இடத்தில் தனித்தமிழின் தலைவர் பெயர் நிற்பதை முரண் என்று சிலர் நகைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடிகள் அயன்மொழிகளை அறியாமல் விலக்கியவர் அல்லர். வடமொழியிலும் ஆங்கிலத்திலும் ஆழ்ந்த புலமை உடையவர். சாகுந்தலத்தைத் தமிழில் பெயர்த்தவர். சேர்த்த நூல்கள் ஆயிரக்கணக்கில். எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதை ஒரு பழக்கமாகத் தமிழனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். விடையை அவர் ஒருவகையாகப் பயன்படுத்தினார். நாம் வேறுவகையாகப் பயன்படுத்தலாம். கேள்வி பொதுவானது. மிளகாய் என்று பெயரிட்ட தமிழும், மல்லாட்டை என்று தேய்த்துக்கொண்ட தமிழும் ஒரே தமிழ்தான்.

அடிகள் மறைந்த நாள் 1950 செப்டம்பர் 15. அமெரிக்கப் பள்ளிகளில் ஹிஸ்பானிய மாதம் தொடங்கும் அதே தேதி. இது தற்செயல்தான். ஆனாலும் காட்டாங்குளத்தூரில் ஒரு பள்ளி அந்த விழாவை எடுக்க நினைத்தால், அந்நாளில் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். தொப்பியும் மீசையும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்கு வேடம் பிடிக்கும். அதோடு ஒரு கூடை அவித்த மல்லாட்டையும் வரட்டும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று வீட்டில் பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லலாம். சீனா பொப்லானா உடையணியும் சிறுமிக்கு மிர்ராவின் கதையைச் சொல்லலாம். சைதாப்பேட்டைப் பாலத்துக்கு ஒரு நாள் அழைத்துச் செல்லலாம். அக்டோபர் 6 அன்று கயின்தாவில் உள்ள ஏதாவது ஒரு பள்ளிக்கு, எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்கள் உங்கள் ஊரில் தங்கினார்களாமே, நலமா என்று ஒரு மடல் எழுதச் சொல்லலாம். மறுமொழி வந்தாலும் வராவிட்டாலும், பிள்ளைகள் தேசப்படத்தில் அந்த ஊரைத் தேடிப் பார்த்திருப்பார்கள்.